முதல் அஞ்சு நிமிஷத்துலயே கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சா மிச்சப் படம் எதுக்கு சேர்?

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய ஹொலிவுட் கருப்பு வெள்ளை குற்றப் படங்களப் பத்தி கொஞ்சம் எழுதி, முடிஞ்சா 1944ல வந்த டபுள் இன்டெம்னிட்டிய தேடிப் பாருங்கன்னு சொல்லியிருந்தேன். இவ்வளவு பேர் பார்ப்பீங்கன்னு நான் எதிர்பார்க்கவே இல்ல. கடிதமாவும் வட்ஸ்அப்லயும் வந்த கேள்விகள்ல முக்காவாசி அந்தப் படத்தப் பத்தித்தான், அதனால இந்தத் தடவை முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன்.

பார்க்காதவங்களுக்கு கதை இதுதான். லொஸ் ஏஞ்சலஸ்ல வோல்டர் நெஃப்னு ஒரு இன்சூரன்ஸ் ஆள், கார் பொலிசி புதுப்பிக்க ஒரு பணக்கார வீட்டுக்குப் போறான், வீட்டுக்காரர் இல்ல, பொஞ்சாதி பிலிஸ்தான் இருக்கா. ரெண்டு பேரும் சேர்ந்து புருஷன் பேர்ல அவருக்கே தெரியாம விபத்து காப்புறுதி ஒண்ணு எடுத்து, ஆளக் கொன்னு, ஓடுற கோச்சியில, அதான் ரயில்ல இருந்து விழுந்து செத்த மாதிரி செட் பண்ணுறாங்க. அதத் துருவ வர்றவர் அதே கம்பனியில கிளெய்ம் பார்க்கிற பார்ட்டன் கீஸ், நெஃப் மேல உசுரையே வச்சிருக்கிற மனுஷன். நெஃப்பா ஃப்ரெட் மெக்மரி, பிலிஸா பார்பரா ஸ்டான்விக், கீஸா எட்வர்ட் ஜி. ரொபின்சன். டைரக்டர் பில்லி வைல்டர்.

கேள்வி: சேர், படம் தொடங்கி அஞ்சு நிமிஷத்துலயே ஹீரோ தானாவே நான்தான் கொன்னேன்னு சொல்லிடுறான். அப்புறம் ரெண்டு மணித்தியாலம் நான் எதுக்கு பார்க்கணும்? சஸ்பென்ஸே இல்லாம போச்சே. (வாசகி, தலவாக்கலை)

தங்கச்சி, ஒன்னு கேட்கிறேன். மாசி மாசம் உங்க தோட்டத்துல காமன் கூத்து ஆடுவாங்கதானே? கடைசியில மன்மதன் எரியப் போறான்னு கைப்புள்ளைக்குக் கூடத் தெரியும். தெரிஞ்சும் கம்பளிய போத்திக்கிட்டு விடிய விடிய தப்பு சத்தத்துல உட்கார்ந்திருக்கோமே ஏன்? எரிவானான்னு பார்க்கவா? இல்ல. எரியப் போறவன் எப்படி நடந்து வர்றான், ரதி எப்படித் தடுக்கிறா, தடுத்தும் அவன் எப்படிப் போறான், அதப் பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கோம். இந்தப் படமும் அந்தக் கணக்குத்தான்.

முதல் காட்சிய திரும்பப் பாருங்க. ராத்திரி, ஒரு கார் சிவப்பு சிக்னலக் கூட மதிக்காம ஓடி வருது, கோட்டு போட்ட ஒருத்தன் தள்ளாடி இறங்கி பூட்டின ஒபிஸுக்குள்ள போறான், நாற்காலியில விழுந்து டிக்டஃபோன்ற ரெக்கோர்டிங் மெஷினோட குழாய இழுத்து வாய் கிட்ட வச்சுக்கிட்டு கீஸுக்கு பேசத் தொடங்குறான், தோள்ல இரத்தம். காசுக்காகவும் ஒரு பொம்பளைக்காகவும் கொன்னேன், காசும் கிடைக்கல அவளும் கிடைக்கலன்னு அங்கயே சொல்லி முடிச்சிடுறான். அந்த நிமிஷத்துல இருந்து யார் செஞ்சதுன்ற கேள்வி படத்த விட்டுப் போயிடுது. இவ்வளவு புத்தியுள்ள ஒருத்தன் எப்படிடா இந்தக் குழியில தானா போய் இறங்கினான்றதுதான் மிச்சம்.

இறங்குறது ஒரே பாய்ச்சல்ல இல்ல, அதத்தான் கவனிக்கணும். முதல்ல பிலிஸ், புருஷனுக்குத் தெரியாம அவர் பேர்ல பொலிசி எடுக்க ஏலுமான்னு கேட்டதும் இது கொலைக்கு அடி போடுற பேச்சுன்னு நெஃப்புக்கு விளங்கிடுது, மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வெளிய வந்துடுறான். நல்லவன்தான். அன்னைக்கு ராத்திரி அவ அவனோட ரூமுக்கு வர்றா. அப்பவும் மாட்டேன்றான். பிறகு, செய்யிறதா இருந்தா இப்படித்தான் செய்யணும்னு ஒரு வார்த்தை சொல்றான் பாருங்க, எல்லாம் அங்கதான் முடிஞ்சுது. வருஷக்கணக்கா கம்பனிய ஏமாத்துறவங்களப் பிடிச்சுப் பிடிச்சு, பிடிபடாம செய்யிறது எப்படின்னு அவன் மூளைக்குள்ள ஒரு பக்கம் கணக்கு போட்டுக்கிட்டே இருந்திருக்கு. கீஸ் ஒரு இடத்துல சொல்றார், ரெண்டு பேர் சேர்ந்து கொலை செஞ்சா ஒரே ட்ராம்ல ஏறின மாதிரி, ஒருத்தர் மட்டும் நடுவுல இறங்க ஏலாது, கடைசித் தரிப்பு சுடுகாடுதான்னு. அவர் அதச் சொல்றது நெஃப் கிட்டயே, அவன்தான் ஏறியிருக்கான்னு தெரியாமலே. நீங்க கேட்ட சஸ்பென்ஸ் அங்க இருக்கு தங்கச்சி, நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, அவன் அந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறான்.

கேள்வி: இந்த மாதிரி படங்களுக்கு நுவார்னு பேர் வந்தது எப்படி? (வாசகர், பண்டாரவளை)

பிரெஞ்சுல நுவார்னா கருப்பு. ஜெர்மன்காரன் பிரான்ஸப் பிடிச்சு வச்சிருந்த காலத்துல அங்க அமெரிக்கப் படம் ஒண்ணும் ஓடல. யுத்தம் முடிஞ்சு 1946ல நாலஞ்சு வருஷப் படம் எல்லாம் பாரிஸ்ல ஒண்ணா வந்து இறங்கிச்சு. ஒவ்வொரு வருஷமா பார்த்திருந்தா தெரிஞ்சிருக்காது, ஒரே மூச்சுல பார்த்ததால அமெரிக்கப் படம் திடீர்னு இருண்டு போச்சேன்னு அவங்களுக்கு பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கு. நீனோ ஃப்ராங்க்னு ஒரு விமர்சகர் அந்த வருஷம் எழுதின கட்டுரையில இருந்துதான் இந்தப் பேர் பரவினது. வைல்டரும் மத்தவங்களும் நுவார் எடுக்கிறோம்னு நினைச்சு எடுக்கல, அவங்களுக்கு அது வெறும் குற்றக் கதை, மெலோட்ராமா.

கேள்வி: என்ன சேர் படம் முழுக்க ஒரே இருட்டு? போன்ல பார்த்தா பாதி நேரம் மூஞ்சியே தெரியல. பழைய பிரிண்ட்ன்றதாலயா இல்ல என் போன்ல கோளாறா? (வாசகர், மஸ்கெலியா)

போன்லயும் கோளாறு இல்ல பிரிண்ட்லயும் கோளாறு இல்ல தம்பி, வேணும்னுதான் அப்படி எடுத்திருக்காங்க. ஆனா பகல்ல பஸ்ல உட்கார்ந்து பார்த்தா கட்டாயம் ஒண்ணும் விளங்காது. ராத்திரி லைட்ட அணைச்சிட்டு, முடிஞ்சா டிவியில போட்டுப் பாருங்க.

இதக் கொஞ்சம் விரிவா சொல்லணும்னு எனக்கு ஆசை. நான் பொறந்து வளர்ந்தது லயத்து காம்பராவுல. கரண்ட் வர்றதுக்கு முந்தி ஒரே ஒரு குப்பி லாம்பு. அம்மா அடுப்படியில குனிஞ்சு ரொட்டி சுடும்போது அம்மாவோட நிழல் சுவர்ல ஏறி கூரைத் தகரம் வரைக்கும் போகும், அம்மா சின்ன ஆள், நிழல் அவ்வளவு பெருசு. யாராவது கதவத் தொறந்தா காத்துல லாம்பு ஆடும், வீடே ஆடுற மாதிரி இருக்கும். வெளிச்சம் கொஞ்சமா இருக்கிற இடத்துல தெரியாத பக்கத்த மனசுதான் நிரப்பும், நிரப்புறது எப்பவும் பயத்தாலதான். இந்தப் படங்கள எடுத்தவங்க அதக் கையில எடுத்துக்கிட்டாங்க. ரூம் முழுக்க லைட் போடாம ஒரு பக்கத்துல இருந்து மட்டும் ஒரு லைட்ட அடிச்சு மிச்சத்த இருட்டுக்கு விட்டுட்டாங்க.

டபுள் இன்டெம்னிட்டிக்கு கெமரா ஜோன் சைட்ஸ். பிலிஸ் வீட்டு ஹோல்ல பட்டை பட்டையா பலகை வச்ச ஜன்னல் மறைப்பு இருக்கு பாருங்க, வெயில் அது வழியா வந்து நெஃப்போட கோட்டு மேல கோடு கோடா விழும். கொலைய பத்தின பேச்சு தொடங்கவே இல்ல, அதுக்குள்ள மனுஷன் கம்பிக்குப் பின்னால நிக்கிற மாதிரி இருப்பான். அந்த வெளிச்சத்துல தூசி மிதக்குறதும் தெரியும், பூட்டியே கிடக்கிற வீட்டோட தூசி. அதுக்காக அலுமினியத் தூளக் காத்துல ஊதி விட்டு எடுத்திருக்காங்க. ஒரு வார்த்தை வசனம் இல்லாம அந்த வீட்டுல எத்தனை வருஷமா சந்தோஷம் இல்லன்னு அந்தத் தூசி சொல்லிடுது.

இன்னொண்ணு, இந்த இருட்டு அமெரிக்காவுல முளைச்சது இல்ல. வைல்டர் 1906ல அப்போதைய ஒஸ்திரிய ஹங்கேரி ராஜ்ஜியத்துல பொறந்த யூதர், பெர்லின்ல படத்துக்கு எழுதிக்கிட்டு இருந்தவர், 1933ல ஹிட்லர் வந்ததும் பாரிஸுக்குத் தப்பி ஓடி, அங்க இருந்து அமெரிக்கா போனவர். அவர் அம்மா நாஜிக்காரன் கையில செத்துப் போனாங்க. ஃப்ரிட்ஸ் லாங், ரொபர்ட் சியோட்மாக் ரெண்டு பேரும் அதே மாதிரி பெர்லினை விட்டு ஓடினவங்கதான். நிழலால கதை சொல்ற வித்தைய ஜெர்மன் ஸ்டூடியோக்கள்ல இருந்து கொண்டு போனவங்க அவங்க. நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்த ஊர், ஒழுங்கா இருந்த அயல் சனம், ஒரே நாள்ல எப்படி மாறும்னு கண்ணால பார்த்தவங்க. அது நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லதானே.

கேள்வி: வணக்கம் சேர், நான் ஒரு இன்சூரன்ஸ் ஏஜன்ட். படத்துல சொல்ற ரெண்டு மடங்கு கொடுக்கிற பொலிசி நெசமாவே இருக்கு, நாங்களும் அப்படி ஒண்ணு சேர்த்து விக்கிறோம். ஆனா கோச்சி விபத்துக்கு மட்டும் எதுக்கு ரெண்டு மடங்கு? கீஸ் அது தற்கொலை இல்லன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றார்? (வாசகர், ஹட்டன்)

உங்க கேள்விதான் தம்பி எனக்கு வந்ததுலயே பிடிச்ச கேள்வி. படத்தோட பேரே உங்க தொழில்ல இருந்து வந்ததுதான். இன்டெம்னிட்டின்னா நட்டத்த ஈடு கட்டுறது, டபுள்னா அதையே ரெண்டா கொடுக்கிறது. அபூர்வமா நடக்கிற சில வகை விபத்துல செத்தா ரெண்டு மடங்கு தாறோம்னு கம்பனி ஒரு வாசகத்த பொலிசியில சேர்த்திருக்கும். ஏன்னா அப்படி நடக்கவே நடக்காதுன்னு அவங்க கணக்குக்குத் தெரியும், கொடுக்க வேண்டி வராது, ஆனா விக்கிறதுக்கு வசதி. படத்துல 50,000 டொலர் பொலிசி, கோச்சியில செத்தா 100,000. நெஃப் அந்த வாசகத்த நல்லாத் தெரிஞ்சவன், அதனாலதான் கோச்சியே வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். ஆசை அந்த ரெண்டாவது ஐம்பதாயிரத்துல இருக்கு, மாட்டுறதும் அதாலதான்.

கீஸ் விஷயத்துக்கு வருவோம். செத்தவர் பின் பெட்டியில திறந்த மேடையில நின்னு தவறி விழுந்தார்ன்றது அவங்க செட் பண்ணின கதை. நம்ம பதுளை கோச்சியில பின்னுக்கு ஒப்சர்வேஷன் பெட்டி தெரியும்தானே, பின்னால ஓடுற தண்டவாளத்தப் பார்த்துக்கிட்டே போற பெட்டி, அதே மாதிரி ஆனா கண்ணாடி இல்லாம வெளியில நிக்கிற மேடைன்னு வச்சுக்கோங்க. கம்பனி முதலாளி காசு கொடுக்காம தப்பிக்கிறதுக்காக, இது தற்கொலைன்றார். கீஸ் எழும்பி தற்கொலைக் கணக்குப் புத்தகத்த ஒப்புவிக்கிறார் பாருங்க, ரொபின்சன் அத ஒரே மூச்சுல சொல்ற வேகத்துக்கே படத்த ரெண்டு தடவை பார்க்கலாம். விஷம் குடிச்சு செத்தவங்க எத்தனை, விஷத்துல எத்தனை வகை, உயரத்துல இருந்து குதிச்சவங்க எங்க இருந்தெல்லாம் குதிச்சாங்க, எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு, ஆனா ஓடுற கோச்சியோட பின் பக்கத்துல இருந்து குதிச்சு செத்தவன் ஒருத்தன் கூட இல்லன்றார். கோச்சி ஓடினது மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர் மாதிரி. அந்த வேகத்துல குதிச்சா செத்துடுவேன்னு எவன் நம்பிக் குதிப்பான்? ஏத்தத்துல மூச்சு வாங்கிக்கிட்டுப் போற நம்ம கோச்சியில ஓடி ஏறி ஓடி இறங்கின எந்தப் பொடியனக் கேட்டாலும் கீஸ் பக்கம்தான் சாட்சி சொல்லுவான். முதல்ல அவருக்கு அது தற்கொலை இல்லன்னு மட்டும்தான் தெரியும். கொலைன்னு தெரியிறது பிறகு, கால் முறிஞ்சு கட்டுப் போட்டிருந்த மனுஷன் விபத்து பொலிசி கையில இருந்தும் ஏன் அந்தக் காலுக்கு கிளெய்ம் கேட்கலன்னு யோசிக்கும்போது. செத்தவருக்கு அப்படி ஒரு பொலிசி இருக்கிறதே தெரியாது, அதனாலதான் கேட்கல. எவ்வளவு சின்ன நூல் பாருங்க.

அந்தப் பொலிசியில அவர் கையெழுத்து எப்படி வந்துச்சு? இந்த இடத்த எழுதும்போது எனக்கு மனசு சும்மா இருக்கல, பொறுத்துக்கோங்க. நெஃப் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டு ஹோல்ல உட்கார்ந்து, கார் பொலிசிக்குத்தான்னு சொல்லி ரெண்டு தாள நீட்டுறான், அடியில இருக்கிறது விபத்து காப்புறுதி விண்ணப்பம். மகள் அங்க சைனீஸ் செக்கர்ஸ் விளையாடிக்கிட்டு இருக்கா, அவதான் சாட்சி. அந்த மனுஷன் சலிப்போட, எங்கய்யா வைக்கணும்னு கேட்டு வச்சிட்டுப் போறார்.

எங்கப்பா கவ்வாத்து வெட்டுற ஆள். தன் பேர மட்டும் எழுதத் தெரியும், அதையும் ஒவ்வொரு எழுத்தா நாக்கக் கடிச்சுக்கிட்டுத்தான் எழுதுவார். எனக்குப் பத்து வயசு இருக்கும், சம்பள நாளன்னைக்கு டை கட்டின ஒருத்தர் வந்து எங்க இஸ்தோப்புல உட்கார்ந்து பிளேன்டீ குடிச்சிட்டு ஒரு கத்தைத் தாள எடுத்தார், எல்லாம் இங்கிலீஷ். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்துல எல்லாம் பென்சிலால சின்னதா ஒரு பெருக்கல் குறி போட்டுக்கிட்டே வந்தார், அப்பா அந்தக் குறிக்குப் பக்கத்துல எல்லாம் பேர எழுதினார். மலையில விழுந்து அடிபட்டாலும் சல்லி வரும்னு வாயால சொன்னார். நாலு வருஷம் கட்டினோம். அப்பா மழையில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடைஞ்சு படுத்தப்ப அந்தத் தாளக் கொண்டு போனா, விபத்து பகுதியே இதுல இல்ல, நீங்கதானே கையெழுத்து வச்சிருக்கீங்கன்னு காட்டினாங்க. கையெழுத்து அப்பாவோடதுதான், அதுல பொய் இல்ல. அந்தப் பென்சில் குறி கூட அழியாம இருந்துச்சு.

அதனால தம்பி, நீங்க தொழில்ல இருக்கிறவர், உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். யார் இஸ்தோப்புல போய் உட்கார்ந்தாலும் அந்தத் தாள்ல இருக்கிறத தமிழ்ல வாசிச்சு சொல்லிட்டு கையெழுத்து வாங்குங்க, வாங்கின தாள்ல ஒரு பிரதிய அவங்க கையில கொடுங்க, எது சேர்ந்திருக்கு எது சேரலன்னு அதுலயே பேனையால எழுதிக் கொடுங்க. பத்து நிமிஷ வேலை.

கேள்வி: இது உண்மைக் கதையா? (வாசகி, கொட்டகலை)

படம் ஜேம்ஸ் எம். கேய்ன் எழுதின கதை, அதுக்கு அடி ஒரு உண்மை வழக்கு. 1927ல நியூயோர்க்ல ரூத் ஸ்னைடர்ன்ற பெண்ணும் அவளோட காதலன் ஜட் கிரேயும் அவ புருஷனக் கொன்னாங்க. புருஷனுக்குத் தெரியாம பெரிய இன்சூரன்ஸ் எடுத்திருந்தா, அதுலயும் இந்த ரெண்டு மடங்கு வாசகம் இருந்துச்சு. 1928 ஜனவரியில ரெண்டு பேரும் மின்சார நாற்காலியில. ஒரு பத்திரிகைக்காரர் கணுக்கால்ல கெமராவக் கட்டி ஒளிச்சுக் கொண்டு போய் அவ சாகிற நேரத்துப் படத்த எடுத்து முன் பக்கத்துல போட்டாங்க. கதை அளவுக்கு அந்த நெசம் எனக்குப் பிடிக்கல, அதோட நிறுத்திக்கிறேன்.

கேள்வி: சேர் கோபிக்க வேணாம். எனக்கு இந்தப் படம் பிடிக்கல. ஆம்பளை நல்லவன், பொம்பளை வந்து கெடுத்துட்டான்னு காலங்காலமா சொல்ற கதைதானே இதுவும். இதப் போய் எங்களப் பார்க்கச் சொல்றீங்களே. (வாசகி, நுவரெலியா)

கோபமே இல்லம்மா. நீங்க சொல்றதுல பாதிய நான் ஒத்துக்கிறேன். யுத்த காலத்துல அமெரிக்காவுல ஆம்பளைங்க சண்டைக்குப் போக, பொம்பளைங்க ஃபெக்டரியில ஏறி கையில காசு பார்த்தாங்க, திரும்பி வந்தவனுக்கு அது பயமா இருந்துச்சு, அந்தப் பயம் இந்தப் படங்கள்ல அழகான பேயா நடந்து வருதுன்னு நிறைய பேர் எழுதியிருக்காங்க. அதுல உண்மை இருக்கு. பிலிஸுக்கு முதல்ல ஒரு கெட்ட காலம் இருந்துச்சா, இந்த மனுஷனக் கட்டி அவ என்ன பட்டான்னு படம் நின்னு கேட்கவே இல்ல, ரெண்டு வரி பேச விட்டுட்டுப் போயிடுது. அது குறைதான், மறைக்க மாட்டேன்.

மத்தப் பாதிக்கு என்னோட பதில் இது. முழுக் கதையும் யார் வாயால வருது? நெஃப் வாயால. செத்துக்கிட்டு இருக்கிறவன், தன்னை நல்லா மதிச்ச ஒரு பெரிய மனுஷனுக்கு சொல்ற வாக்குமூலம். தன் மேல விழுற பழிய அவ மேல கொஞ்சம் தள்ளாமலா சொல்லுவான்? ஆனா அவன் வாயால சொல்றதையும் கெமரா காட்டுறதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. திட்டம் யாரோடது? அவனோடது. கோச்சி யோசனை யாரோடது? அவனோடது. கழுத்த நெரிச்சது யார் கை? அவன் கை. அவ ஒரு கதவத் தொறந்து விட்டா, நடந்து போனது அவன் காலால.

கொலை நடக்கிற நேரம் நமக்குக் காட்டவே மாட்டாங்க. அப்ப ஹொலிவுட்ல ஒரு தணிக்கைச் சட்டம் இருந்துச்சு, 1934ல இருந்து இறுக்கமா நடைமுறைப்படுத்தினாங்க, இந்தக் கதையையே 1935ல வேணாம்னு தள்ளி வச்சவங்க, எட்டு வருஷம் கழிச்சுத்தான் விட்டாங்க. அதனால கெமரா பின் சீட்டுப் பக்கம் போகாம கார் ஓட்டுற பிலிஸ் மூஞ்சியிலயே நிக்குது. அவ ஹோர்ன மூணு தரம் அடிக்கிறா, அதுதான் சைகை. பக்கத்துல புருஷன் திணறுற சத்தம். ஸ்டான்விக் அழல, சிரிக்கல, ரோட்டப் பார்த்துக்கிட்டே ஓட்டுறா, கண்ணுல மட்டும் ஏதோ ஒண்ணு லேசா தளருது. திருப்தின்னும் சொல்லலாம், விடுதலைன்னும் சொல்லலாம், எத்தனை தடவை பார்த்தும் என்னால ஒரு சொல்லுக்குள்ள அத அடக்க முடியல. வெறும் கெட்டவளா மட்டும் எழுதின பாத்திரத்துக்கு ஒரு நடிகை தன்னோட மூஞ்சியால உள்ள ஒரு மனுஷிய வச்சிட்டாங்க. அதுக்காகவாவது ஒருக்கா திரும்பப் பாருங்கம்மா, அப்பவும் பிடிக்கலன்னா எழுதுங்க, உங்க கடிதத்த முழுசா இந்தப் பக்கத்துல போடுறேன்.

கேள்வி: அந்தக் கால நுவார் நடிகர்கள் யாராவது இலங்கைக்கு வந்திருக்காங்களா? (வாசகர், கினிகத்தேனை)

உங்க வீட்டுப் பக்கத்துக்கே வந்திருக்காங்க. வைல்டரோட 1950 படம் சன்செட் புலவார்ட்ல, நீச்சல் தடாகத்துல செத்து மிதந்துக்கிட்டே கதை சொல்ற ஆள் வில்லியம் ஹோல்டன். அவர் கித்துல்கலையில களனி கங்கை ஓரம் எடுத்த குவாய் ஆத்துப் பாலம் படத்துல நடிச்சார், படம் வந்தது 1957ல. அதுக்கு முந்தி 1953ல, தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவ வச்சு எடுத்த எலிஃபண்ட் வோக்ன்ற படத்துக்காக டேனா ஆன்ட்ரூஸ் இலங்கை வந்தார், 1944ல வந்த லோரான்ற நுவார் படத்துல துப்பறியிற பொலிஸ்காரனா நடிச்சவர் அவர்தான். எலிஃபண்ட் வோக்ல விவியன் லீ நடிக்கத் தொடங்கி சுகமில்லாமப் போய், எலிசபெத் டெய்லர் வந்து முடிச்சாங்க. தோட்டத்தப் பத்தின படம், ஆனா கொழுந்து பறிக்கிற சனம் அதுல பின்னால நடமாடுற கூட்டமா மட்டும்தான் தெரியும், அது என் மனசுக்கு நல்லாவே இல்ல.

கேள்வி: தமிழ்ல இந்த மாதிரி ஒரு படம் சொல்லுங்க சேர். இங்கிலீஷ் ஓடுற வேகத்துக்கு எனக்கு ஏலாது. (வாசகர், பொகவந்தலாவ)

அந்த நாள். 1954, ஏவிஎம், டைரக்டர் வீணை எஸ். பாலச்சந்தர். பாட்டு இல்ல, டான்ஸ் இல்ல, அந்தக் காலத்துல அப்படி ஒரு தமிழ்ப் படம் எடுக்க எவ்வளவு துணிச்சல் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. யுத்த காலத்து மெட்ராஸ், குண்டு விழுந்த அடுத்த நாள், தொடங்கின கையோட சிவாஜி சுடப்பட்டு விழுவார். பிறகு ஒவ்வொருத்தரா வந்து என்ன நடந்துச்சுன்னு அவங்கவங்க பக்கத்த சொல்லுவாங்க, பண்டரிபாய் மனைவியா வர்றாங்க, துப்பறியிறவரா ஜாவர் சீதாராமன், கதையும் அவரோடதுதான். நிழலும் ஜன்னலும் மாடிப்படியும் அதுல நடிக்கிற அழகு வேற. யார் சுட்டதுன்னு பக்கத்து வீட்டுல கேட்காம பாருங்க.

கேள்வி: கடைசியில பொலிஸும் வரல, கோர்ட்டும் காட்டல, தண்டனையும் இல்ல. ரெண்டு பேரும் கதவடியில இருக்கிறதோட சட்டுன்னு முடிச்சிட்டாங்க. ஏதாவது வெட்டிட்டாங்களா? (வாசகர், பதுளை)

வெட்டினதுதான், ஆனா வெட்டினது வைல்டரே. நெஃப்ப விஷ வாயு அறையில வச்சுக் கொல்ற காட்சிய, கண்ணாடிக்கு வெளிய நின்னு கீஸ் பார்க்கிற மாதிரி முழு செட் போட்டு எடுத்து முடிச்சிருந்தார். பிறகு போட்டுப் பார்த்துட்டு, இதுக்கு முந்தின காட்சியிலயே எல்லாம் முடிஞ்சு போச்சேன்னு அத அப்படியே தூக்கிட்டார். படத்துக்கு ஏழு ஒஸ்கார் பரிந்துரை கிடைச்சுது, ஒண்ணு கூட வெல்லல, ஆனா அந்தக் காட்சியத் தூக்கின கைக்கு மட்டும் நான் ஒண்ணு கொடுப்பேன்.

ஏன்னா அந்த முந்தின காட்சிய படத்தோட தொடக்கத்துல இருந்தே கட்டிக்கிட்டு வந்திருக்காங்க. கீஸுக்கு சுருட்டுப் பழக்கம், ஆனா பொக்கெட்ல தீக்குச்சி இருக்கவே இருக்காது. எப்பவும் தடவித் தடவிப் பார்ப்பார். நெஃப் ஒரு வார்த்தை பேசாம குச்சிய எடுத்து கட்டைவிரல் நகத்தால சர்ர்னு உரசி அவருக்குப் பத்த வைப்பான். அப்பனுக்கு மகன் செருப்ப எடுத்து வைக்கிற மாதிரி, ரெண்டு பேரும் அதக் கவனிக்கிறதே இல்ல. இந்தப் படத்துல உண்மையான பாசம் இந்த ரெண்டு பேருக்கும் நடுவுலதான்னு நான் எப்பவும் சொல்லுவேன், பிலிஸுக்கும் அவனுக்கும் நடுவுல இருந்தது வேற சாமான். கடைசியில கீஸ் ஒபிஸ் கதவடியில நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டார். நெஃப் தப்பி ஓட நாலு மணித்தியாலம் கேட்கிறான், அவர் திட்டல, அடிக்கல, லிஃப்ட் வரைக்கும் கூட உன்னால போக ஏலாதுன்றார். அவன் போறான், வாசல்லயே விழுறான். விழுந்தவன் ஒரு சிகரட்ட எடுத்து வாயில வச்சிட்டு குச்சியப் பத்த வைக்கப் பார்க்கிறான், கை ஒத்துக்கல. கீஸ் குனிஞ்சு அந்தக் குச்சிய அவன் கையில இருந்து வாங்கி, அவன் எப்பவும் உரசுற மாதிரியே நகத்தால உரசி அவனுக்குப் பத்த வைக்கிறார்.

அடுத்த தடவை பார்க்கும்போது முதல் சுருட்டுல இருந்து எத்தனை குச்சின்னு எண்ணிக்கிட்டே வாங்க.